வடைக்கடைச் சுவரில் பசியோடு நின்ற பெண்கள்

பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், தூங்குமூஞ்சி மரத்து நிழலில் வரிசையாகச் சில கடைகள் இருந்தன. வரிசையில் கடைசிக் கடை நல்லம்மாளின் வடைக்கடை. அவள் வடை நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடலில் உப்பு இருக்கிறது என்று ஊரைக் கூட்டியா சொல்வார்கள்? ஊர் பேசியதெல்லாம் அவள் கடைச் சுவரைப் பற்றித்தான்.

சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. அடுப்புக்குப் பின்னால் நின்ற பலகைத் தட்டி. எண்ணெய் தெறித்துத் தெறித்து அது கறுத்துப் போகாமலிருக்க முதலில் செய்தித்தாள் ஒட்டினாள். செய்தித்தாள் எண்ணெயைக் குடித்துவிட்டு வாரத்துக்கு ஒரு தரம் உதிர்ந்தது. பக்கத்தில் சலூன் வைத்திருந்த ஜானிஸ்தான் வழி சொன்னாள். செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும்தான் கடையைப் பூட்டுவாள், வாயைப் பூட்ட மாட்டாள்.

"அக்கா, என் கடையில பழைய ஃபேஷன் புக்கு மூட்டை மூட்டையா கிடக்கு. வழவழன்னு இருக்கும். ஒட்டிப் பாருங்களேன்."

ஒட்டிப் பார்த்தாள். அருமையாக இருந்தது. எவ்வளவு எண்ணெய் பட்டாலும் ஈரத் துணியால் ஒரு துடை, போயிற்று. வடை மடிக்கத்தான் அந்தத் தாள் ஆகாது. ஒரு சொட்டு எண்ணெயை உறிஞ்சாது. தாளுக்கும் தாளில் இருந்த பெண்களுக்கும் ஒரே குணம், எதையும் உள்ளே வாங்குவதில்லை.

வினை அங்கேதான் பிடித்தது. காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை அந்தப் பெண்களின் முகத்தில்தான் நல்லம்மாள் விழிக்க வேண்டும். அவள் வடை சுடச் சுட, அவர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குக் கழுத்தெலும்புக் குழியில் அரைப்படி அரிசி கொட்டலாம். ஒருத்திக்கு மணிக்கட்டு முருங்கைக்காய். எல்லாருக்கும் உதடு கொஞ்சம் திறந்திருந்தது. அது அழகுக்காகத் திறந்து வைத்தது என்று ஜானிஸ் சொன்னாள். நல்லம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அழகாவது மண்ணாவது. அது பசிடி. சாப்பிட வாயத் திறந்தவள அப்படியே படம் எடுத்துட்டானுங்க. சோறும் போடல, வாயை மூடவும் விடல."

சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளிலிருந்து பொரித்த கோழித் தொடை ஒன்றைக் கறிவேப்பிலை வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினாள். மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, முருங்கைக்காய் மணிக்கட்டுக்காரியின் கையில் ஒட்டிவிட்டாள். அன்றைக்குத்தான் நிம்மதியாக வடை சுட முடிந்தது.

அப்புறம் கை சும்மா இருக்குமா? பாதிப் பெண்களுக்குக் கால் இல்லை என்பதைக் கண்டுபிடித்தாள்; முழங்காலோடு வெட்டியிருந்தார்கள். செருப்புக் கடை விளம்பரத்திலிருந்து ஆளுக்கு ஒரு ஜோடி பாதம் கொடுத்தாள். ஐந்து முழக் குதிகாலோடு நின்றவளை மோனோரயில் கம்பியைப் பிடிக்க வைத்தாள், விழுந்து தொலைக்கக் கூடாதே என்று. முகத்துக்குப் பூசும் கிரீம் விளம்பரத்தில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒருத்தி இருந்தாள். அந்த வெள்ளைப் பாதியின் மேல் ஒரு குடையை விரித்து, "வெயில்ல நிக்காதம்மா, மறுபடியும் கறுத்துடுவ" என்றாள்.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை, படுத்திருந்த பெண்ணால் வந்தது. ஏதோ வாசனைத் தைலத்துக்காக ஒருத்தி தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பட்டப்பகலில், விருந்தாளி வரும் நேரத்தில். கடிகார விளம்பரத்து ஆண்களோ ஒருவன் விடாமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். கோட்டுப் போட்ட ஒரு தாடிக்காரன் தலையை வெட்டி, படுத்திருந்தவள் கழுத்தில் ஒட்டினாள் நல்லம்மாள்.

தம்புசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்புசாமி அவள் புருஷன். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். இப்போது கடை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பி குடிப்பதும், கடை நடத்துவது எப்படி என்று சொல்வதும் அவர் வேலை.

"ஏன்டி, ஒரு ஆம்பளைய இப்படியா படுக்க வைப்ப? பார்க்கவே அசிங்கமா இருக்கு!"

"அந்தப் பொண்ணு படுத்திருந்தப்ப மூணு மாசமா அவளப் பார்த்துக்கிட்டேதானே கோப்பி குடிச்சீங்க? அப்ப அசிங்கம் எங்க போயிருந்துச்சு, பாசாருக்குக் காய் வாங்கவா?"

ஜானிஸ் சிரித்த சிரிப்பில் அவள் கடையில் சாயம் பூசிக்கொண்டிருந்த பெண்மணிக்குக் காதும் கறுப்பாகிவிட்டது.

நல்லம்மாளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், படித்து வந்ததில்லை. சுங்கை பூலோவில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கிள்ளானில் கையுறை ஃபேக்டரியில் நின்றாள். அங்கே அச்சுக்கு வைத்த பீங்கான் கைகள் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். ஆள் இல்லாத கை, கை, கை. ரப்பரில் முங்கி எழுந்து போய்க்கொண்டே இருக்கும். அப்போதே அவள் சொல்வாளாம்: "இதுங்களுக்கு ஒரு தலை வச்சுவிட்டா சம்பளம் கேக்கும், அதான் வைக்கல." கத்தரிக்கோல் பிறகுதான் வந்தது, வாய் முதலிலேயே இருந்தது.

சுவர் வளர்ந்தது. வடை வாங்க வந்தவர்கள் நின்று சிரித்தார்கள், சிலர் போட்டோ எடுத்தார்கள். அப்படி ஒரு நாள் ரஞ்சனி வந்தாள். ஒரு பெண்கள் பத்திரிகையில் எழுதுகிறவள், கண்ணாடி போட்ட மெல்லிசான பெண். சுவரைப் பார்த்தவள் வடையை மறந்தாள்.

"ஆன்டி, இது எவ்வளவு பெரிய விமர்சனம் தெரியுமா? பெண்ணைத் துண்டு துண்டாகப் பார்க்கிற பார்வையை, அதையே துண்டு போட்டுக் கேள்வி கேக்குறீங்க! இதுக்குப் பேரு கொலாஜ் ஆன்டி."

"அப்படியாம்மா? நான் எண்ணெய் படாம இருக்க ஒட்டினேன். வடை எத்தனை?"

"நாலு."

"ஆறா வாங்கிக்கோ. உன்னையும் வெட்டி ஒட்டுற மாதிரி இருக்க."

ரஞ்சனி நல்ல பெண். குறிப்பெடுத்தாள், கூட வந்தவன் போட்டோ எடுத்தான். நல்லம்மாள் சுவருக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். மூக்கோரத்து மரு, முன்பல்லில் சந்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கடுகு தாளித்துக் கொட்டியதுபோல எண்ணெய்த் தழும்பு, மாவரைத்துப் பருத்த கை, அவளே "என் பின்கட்டு" என்று சொல்லும் இடுப்பு, எல்லாமே அப்படியே நின்றன. எதையும் மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பத்திரிகை வந்த அன்றைக்குத் தம்புசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிசைக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்: "பத்திரிகைகள் பெண்களைத் திருத்தி அச்சிடுவதை எதிர்க்கும் பிரிக்பீல்ட்ஸ் வடை அம்மா." கைதட்டினார்கள். அப்புறம் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லம்மா, யாருடி இந்தப் பொண்ணு?"

படத்தில் ஒருத்தி நின்றாள். நல்லம்மாளின் புடவைதான். உள்ளே வேறு யாரோ இருந்தாள். மரு போயிருந்தது. பல் சந்து அடைந்திருந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் யாரோ கரண்டியால் வழித்தெடுத்திருந்தார்கள். நிறம் பால்கோவா. கையோ, அடுப்பையே கண்டிராத கை; தாமரைத் தண்டு. பின்னால் சுவர் மங்கலாகக் கலைந்து கிடந்தது. கோழித் தொடையும் தெரியவில்லை, தாடிக்காரனும் தெரியவில்லை. அடுத்த பக்கத்தில் சிவப்பழகு கிரீம் விளம்பரம்.

நல்லம்மாள் ஜானிஸின் போனில் ரஞ்சனியைப் பிடித்தாள். ரஞ்சனி அழாத குறை.

"ஆன்டி, நான் எழுதினது ஒரு எழுத்து மாறல. படம் டிசைன்காரங்க கையில. அவங்க வழக்கமா எல்லாரையும் கொஞ்சம் சரி பண்ணுவாங்க."

"எனக்கு என்ன ரிப்பேர்னு சரி பண்ணாங்க?"

ரஞ்சனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளைத் திட்டி என்ன, அம்பை நொந்து பயனில்லை என்று விட்டுவிட்டாள்.

படத்தைப் பார்த்துவிட்டுப் புதிய ஆட்கள் தேடி வந்தார்கள். எல்லாரும் வந்து நல்லம்மாளிடமே கேட்டார்கள்: "அக்கா, ஓனர் ஆன்டி எப்ப வருவாங்க?" ஒரு அம்மாள் பரிதாபப்பட்டு, "அவங்க உங்களுக்கு ஒழுங்கா சம்பளம் கொடுக்குறாங்களா?" என்றாள். ஓரிருவர் நேரே ஜானிஸின் சலூனுக்குள் போனார்கள். ஜானிஸ் ஒல்லி, கொஞ்சம் சிவப்பு. படத்துக்கு அவள்தான் பொருந்தினாள். "நாலு பருப்பு, ரெண்டு உளுந்து" என்று அவளிடம் கேட்டுவிட்டு முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "சாயம் போட்டுத்தான் தருவேன் லா, பரவாயில்லையா?" என்று ஜானிஸ் அவர்களைத் துரத்துவாள்.

இதையும் சிரித்து விட்டிருப்பாள் நல்லம்மாள். ஆனால் அந்தப் படம் அவள் கடை வாசலிலேயே கைவைத்தது.

மரத்தடி வரிசை போகப்போகிறது என்பது தெரிந்த சங்கதி. பின்னால் புதுக் கொண்டோ அடுக்குமாடி எழும்பிவிட்டது. மாதக் கடைசியில் கடைகளை எடுத்துவிட வேண்டும். ஆனால் கொண்டோவின் கீழ்த்தளத்தில், ரோட்டைப் பார்த்த மூலையில், "பழைய பிரிக்பீல்ட்ஸின் நினைவாக" ஒரே ஒரு கடைக்கு இடம் உண்டு என்றார்கள். பழையதை இடித்துவிட்டு அதற்கு நினைவு வைப்பது இந்த ஊரில் ஒரு பழக்கம். அந்த ஒரு இடம் யாருக்கு என்பதில்தான் வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கொண்டோ நிர்வாகத்திலிருந்து லியோனல் வந்தான். பளபளவென்று சட்டை, காதில் ஏதோ சொருகியிருந்தது, கையில் பத்திரிகைப் பக்கம்.

"ஹலோ ஆன்டி. இவங்க எங்க?"

"நான்தான் தம்பி."

லியோனல் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கிறவன்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டான்.

"ஷோரா ஆன்டி, நிச்சயமா நீங்கதானா?"

"ஷோர்தான். வேணும்னா தின்னு பாரு." வடையை நீட்டினாள்.

தின்றான். நம்பினான். இடம் உங்களுக்குத்தான் என்றான். தம்புசாமி ஸ்டூலைவிட்டு எழுந்தேவிட்டார். அப்புறம் லியோனல் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க. கடை நெத்தியில இந்தப் படத்தைப் பெருசா வைக்கப்போறோம். வர்றவங்க படத்தைப் பார்த்துட்டு உள்ள வந்தா அதே மாதிரி ஆள் நிக்கணும் இல்லையா? அதனால கவுண்ட்டர்ல ஷாமினின்னு ஒரு பொண்ணு நிப்பா. நீங்க பின்னாடி தடுப்புக்கு அந்தப் பக்கம், ஏர்கோன் குளிர்ல ஜாலியா வடை சுடலாம். வடை ஜன்னல் வழியா வரும்."

"நான் வெளிய வரக் கூடாதா?"

"வரலாம் ஆன்டி. கடை மூடினப்புறம்."

லியோனல் போனதும் தம்புசாமி குளிர்ந்து போய்ச் சொன்னார்: "ஏர்கோன்டி! இத்தனை வருஷம் வெயில்ல வெந்தது போதும். எவ முன்னாடி நின்னா நமக்கென்ன? வடை உன்னுதுதானே?"

நல்லம்மாள் வடைச் சட்டியை இறக்கி வைத்தாள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள், அடுப்பை அணைப்பாள். அதுதான் பயம்.

"ரோட்டத் தாண்டி வர்றப்பவே யாருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். மாமியார்கிட்ட சண்டை போட்டு வர்றவளுக்குக் காரம் கூட ஒண்ணு. இன்டர்வியூவுக்குப் போறவனுக்கு எண்ணெய் வடிச்சு, சட்டையில ஒட்டாம. அவங்க மூஞ்சியப் பார்க்காம நான் என்னத்தச் சுட? இத்தனை நாளா நான் பொம்பளைங்களை வெட்டி ஒட்டினேன்; இப்ப கத்தரிக்கோல் அவன் கையில. என்னை ரெண்டா வெட்டிட்டான். மூஞ்சி முன்னாடி, கை பின்னாடி. அந்த மூஞ்சியும் என்னுது இல்ல. ஃபேக்டரியிலயே தலையில்லாத கையா நிக்க மாட்டேன்னு வந்தவ நான். என் கடையில நான் முன்னாடிதான் நிப்பேன்."

"அப்ப இடம் வேணாம்னு சொல்லப்போறியா?"

"இடமும் வேணும், முன்னாடியும் வேணும்."

புருஷனுக்குத் தெரியும், இந்தக் குரலுக்கு மேல்கோர்ட் கிடையாது.

படம் புதுக் கடையின் நெற்றியில் ஏறியது. ஆள் உயரத்தைவிடப் பெரிது, வழவழப்பான தாளில் அச்சடித்துப் பலகையில் ஒட்டியது. இடுப்பிலிருந்த தாமரைத்தண்டுக் கையைத் தூக்கி அதில் வெள்ளித் தட்டு வைத்திருந்தார்கள், தட்டில் பருப்பு வடை. அந்த வடையையும் யாரோ திருத்தியிருந்தார்கள், ஓட்டை மகா வட்டமாக இருந்தது. பருப்பு வடைக்கு ஓட்டையே கிடையாது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் நல்லம்மாள் ஜானிஸையும் கூட்டிக்கொண்டு, ஜெராக்ஸ் கடை லோகனிடம் போனாள். மெஷினின் மூடியைத் திறந்து, முழங்கை வரை கையைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"பெருசா எடுத்துக் கொடு தம்பி. எவ்வளவு பெருசா வருமோ அவ்வளவு."

"ஆன்டி, ஐசி கார்டு ஜெராக்ஸ் எடுப்பாங்க, பர்த் சர்ட்டிபிகேட் எடுப்பாங்க. கையை யாரும் எடுத்ததில்ல ஆன்டி."

"நான்தான் எடுக்க வந்திருக்கேன்ல?"

பச்சை வெளிச்சம் கைக்கு அடியில் ஓடியது. தழும்பு ஒவ்வொன்றும் காசு அளவுக்கு விழுந்தது. அடுத்த கை. அப்புறம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பல்லைக் காட்டி முகத்தை வைத்தாள். மரு, பல் சந்து எல்லாம் வந்தன, கன்னம் மட்டும் தோசைபோல நசுங்கி வந்தது. சுளுக்கிவிடப் போகிறது என்று ஜானிஸ் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இடுப்பு?" என்றாள் நல்லம்மாள்.

"ஆன்டி, கும்பிட்டுக் கேக்குறேன், இடுப்பு வேணாம்! கண்ணாடி உடைஞ்சா மெஷின் கம்பெனிக்கு நான் என்னன்னு சொல்வேன்?"

அதில் நியாயம் இருந்ததால் விட்டுவிட்டாள். இடுப்புக்குச் செய்தித்தாள் நடுப்பக்கத்து விளம்பரத்திலிருந்து ஒரு முழு மெத்தையை வெட்டினாள். பூப்போட்ட மெத்தை. அளவு சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் ஏணி, மைதாப் பசை வாளி, தம்புசாமி மூன்றையும் அவளே இழுத்துக்கொண்டு போனாள். கொண்டோ வாசலில் காவலுக்கு நின்றவன் நேப்பாளக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது, வடை தெரியும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்று, தண்டவாளத்தைத் தீவிரமாகக் காவல் காத்தான்.

"நான் ஏறுறேன்டி. கண்டெய்னர் மேல ஏறின காலு இது."

"நீங்க பிடிங்க. பிடிக்கிறதுதான் கஷ்டமான வேலை."

மேலே ஏறி ஒட்டினாள். தாமரைத் தண்டின் மேல் அவள் கை, ஜெராக்ஸில் கறுப்பும் சாம்பலுமாக, தழும்பெல்லாம் தெரிய. பால்கோவா முகத்தின் மேல் அவள் நசுங்கின முகம். வழித்தெடுத்த இடுப்பில் மெத்தை. ஜானிஸ் கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டுக்கா, மூக்கு காதுகிட்ட போகுது" என்று கத்தினாள். இறங்கிப் பார்த்தபோது, அந்தப் பலகையில் ஒரு ஆள் இருந்தாள். கோரமாகத்தான் இருந்தாள். ஆனால் கேட்டால் பதில் சொல்கிற முகம்.

லியோனல் வந்தான். காதில் சொருகியிருந்தது கழன்று தோளில் விழுந்தது.

"ஆன்டி! என்ன ஆன்டி இது! இன்னைக்குத் திறந்து வைக்க டத்தோ வர்றாரு ஆன்டி, பட்டம் வாங்கின பெரிய மனுஷரு!"

"வரட்டும். வடை இருக்கு."

ஆளைவிட்டு உரிக்கச் சொன்னான். மைதாப் பசையின் மகத்துவம் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. சாம்பல் கை கொஞ்சம் உரிந்தபோது, அடியிலிருந்த தாமரைத் தண்டும் தோலோடு வந்துவிட்டது. கீழே வெறும் பலகை. இன்னும் இழுத்தால் படத்தில் ஆளில்லாமல் ஒரு தட்டு மட்டும் மிஞ்சும். "நிறுத்து, நிறுத்து!" என்று லியோனல் அலறினான். உரித்தவன் உரித்ததை எச்சில் தொட்டு மறுபடி ஒட்டினான்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கொண்டோவாசிகள், ஆபீஸ் போகிறவர்கள், எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "இது என்ன, ஆர்ட்டா?" என்று ஒரு பெண் கேட்டாள். லியோனல் ஒரு மூச்சு விட்டான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஆமா," என்றான், "நாங்கதான் ஏற்பாடு பண்ணோம்." பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

ஆனாலும் நல்லம்மாளைத் தடுப்புக்குப் பின்னால்தான் அனுப்பினான். படம் எப்படியோ போகட்டும், கவுண்ட்டரில் ஷாமினிதான் என்று சொல்லிவிட்டான். நல்லம்மாளும் போனாள். பருப்பு ஊறிக் காத்திருந்தது. அதை வீணாக்குகிற பாவத்தை அவள் செய்ய மாட்டாள்.

பின்னாலிருந்து பார்த்தபோதுதான் அவளுக்கு ஒரு காட்சி கிடைத்தது. முன்னால் ஷாமினி ராணிபோல நின்றாள். உடம்போடு ஒட்டின பட்டு ஜாக்கெட், இழுத்துக் கட்டிய புடவை. முதுகுப் பக்கமோ, கழுத்திலிருந்து இடுப்புவரை துணி காயப்போடும் கிளிப்பு வரிசையாகக் கவ்விக்கொண்டிருந்தது. உடுப்பு அவளுக்குப் பெரிது. படத்து அளவுக்கு இழுத்துப் பின்னால் மாட்டியிருந்தார்கள். முன்னால் பார்த்தால் பத்திரிகை அட்டை, பின்னால் பார்த்தால் கொடிக்கம்பி. நல்லம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, உக்காருவியா?"

"உக்காந்தா தெறிச்சிடும் ஆன்டி," என்று ஷாமினி உதடு அசையாமல் சொன்னாள். "சாப்பிடவும் கூடாதுன்னாங்க. வாசனை வேற கொல்லுது."

நல்லம்மாள் ஜன்னல் வழியாக உளுந்து வடை ஒன்றை நீட்டினாள். ஷாமினி சுற்றிப் பார்த்துவிட்டு, குனிந்து ஒரு கடி கடித்தாள். கிளிப்பு ஒன்று பறந்து போய்ச் சட்னிக் கிண்ணத்தில் விழுந்தது.

டத்தோ வந்தார், மாலை விழுந்தது, கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டினார்கள். கூட வந்த அவர் மனைவி டத்தின் அண்ணாந்து பலகையைப் பார்த்தார். பிறகு ஷாமினியின் கையைப் பார்த்தார்.

"இது அந்தக் கை இல்லையே?"

"டத்தின், அது ஒரு மாதிரி ஆர்ட்டிஸ்டிக்…" என்று லியோனல் இழுத்தான்.

"அதெல்லாம் சரி லா. எனக்கு அந்தக் கை சுட்ட வடை வேணும். அந்த அம்மா எங்க?"

கூட்டத்திலும் அதே கேள்வி எழுந்தது. முன்பெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டு நல்லம்மாளைக் கடந்து போனவர்கள், இப்போது ஷாமினியின் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தார்கள். "தழும்புக் கை அக்கா எங்க?" "மரு வச்ச அம்மா எங்க?" லியோனல் இரண்டு கையாலும் அமைதி அமைதி என்றான். யார் கேட்டார்கள்?

ஷாமினி திரும்பினாள். கிளிப்பு வரிசை அப்படியே ஊருக்குத் தெரிந்தது. டத்தோவே ஒரு தரம் இருமிக்கொண்டார்.

"ஆன்டி, நீங்களே வந்துடுங்க. எனக்கு மூச்சு முட்டுது."

லியோனல் ஓடிப்போய்த் தடுப்புக் கதவருகில் நின்றான். குரலைத் தணித்து, "ஆன்டி, வாரத்துல ரெண்டு நாள் முன்னாடி நில்லுங்க. நான் மேனேஜ்மெண்ட்கிட்ட பேசுறேன்," என்றான்.

"கடை என்னைக்கெல்லாம் திறந்திருக்கோ, அன்னைக்கெல்லாம்."

"ஆன்டி…"

"அடுப்ப அணைக்கட்டா?"

வெளியே டத்தின் தட்டோடு நின்றார். லியோனல் கதவைவிட்டு விலகினான். நல்லம்மாள் கையை முந்தானையில் துடைத்தபடி முன்னால் வந்து நின்றாள். ஷாமினி உள்ளே போய்க் கிளிப்புகளைக் கழற்றிப்போட்டுவிட்டு, நின்றவாக்கில் சாப்பிட்டாள். அந்தச் சத்தம் வெளியே கேட்டது. இப்போது அவள் தொளதொளவென்று ஒரு சட்டையோடு வந்து பொட்டலம் கட்டுகிறாள். பாதிக்குப் பாதி அவள் வாய்க்கும் போகிறது, நல்லம்மாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறாள். தடுப்புக்குப் பின்னால், ஏர்கோனில், மாவு பிசைகிற வேலை தம்புசாமிக்கு வந்து சேர்ந்தது. ஏர்கோன் ஏர்கோன் என்று ஆசைப்பட்டவர் அவர்தானே.

பலகையை மாற்றப்போகிறோம் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது, மாற்றவில்லை. அதைப் பார்க்கவே ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள். போன வாரம் கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், வேட்டி, கையில் குடை. பலகையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கவுண்ட்டரில் நின்ற நல்லம்மாளைப் பார்த்தார்.

"ஏம்மா, தப்பா நினைச்சுக்காதே. படத்துல பார்த்துட்டு என்னமோ ஏதோன்னு வந்தேன். நேர்ல எவ்வளவோ லட்சணமா இருக்கியே!"

பத்திரிகையில் வந்த எந்தப் பெண்ணுக்காவது யாராவது இப்படிச் சொன்னதுண்டா? நல்லம்மாள் கூந்தலை ஒரு தரம் சரிசெய்துகொண்டாள்.

ஜன்னல் வழியாக மாவுக் கையோடு தம்புசாமியின் தலை நீண்டது.

"யாருடி அது, என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. நீங்க மாவப் பாருங்க," என்றாள் நல்லம்மாள். பெரியவர் பக்கம் திரும்பி, "அண்ணே, இறால் வடை இப்பதான் எடுத்தது. கூட ஒண்ணு வைக்கட்டா?" என்றாள்.